ஒளியால் எழுதும் மறையுரை

புதிய ஆலயம் எழுப்பும்போது கோபுரத்தின் உயரத்தைப் பற்றி நெடுநாள் ஆராய்கிறோம். சாளரங்களைப் பற்றியோ, சுவருக்கு வண்ணம் பூசும் வேளையில்தான் நினைக்கிறோம். அச்சிட்ட படத்தாளைக் கண்ணாடியில் ஒட்டி மனநிறைவு கொள்கிறோம். சில கோடைகளுக்குள் அது வெளிறி உரிந்துவிடுகிறது. வண்ணக் கண்ணாடிச் சாளரம் என்பது ஒட்டும் பொருளன்று. அந்தந்த இடத்தின் ஒளிக்கென்றே ஓவியர் வரைய வேண்டிய படைப்பு.

எழுத்தறியாதார் சுவர்ப்படங்களைப் பார்த்துப் படிக்கலாம் என்று கி.பி. 600-ஐ ஒட்டிப் பெரிய கிரகோரியார் மர்சேய் நகர ஆயருக்கு எழுதினார். புதுச்சேரியில் 1907-இல் திறக்கப்பட்ட திரு இருதய ஆலயத்தில் புனிதர் 28 பேரை வண்ணக் கண்ணாடியில் காணலாம். குற்றாலத்துச் சித்திர சபையின் சுவரோவியங்களை அறிந்த நம் மக்களுக்குப் படத்தால் பக்தி வளர்ப்பது புதிதன்று.

இக்கலையில் கண்ணாடியை உருக்கும்போதே நிறம் சேர்க்கின்றனர். கோபால்ட் நீலத்தையும், செம்பு பச்சையையும், பொன் சிவப்பையும் தரும். ஓவியர் முதலில் சிறு படம் எழுதி, பின்னர் சாளரத்தின் முழு அளவிலேயே வரைகிறார். அதன்படி துண்டுகளை வெட்டி, முகம், கை முதலியவற்றைக் கருநிறக் கலவையால் தீட்டிச் சூளையில் சுடுகின்றனர். பிறகு ஈயப்பட்டைகளால் இணைக்கின்றனர். அந்த ஈயக்கோடும் ஓவியத்தின் பகுதியே. அது ஆடையின் மடிப்பில் ஓட வேண்டும். அன்னையின் முகத்தை அறுத்துக்கொண்டு ஓடலாகாது.

இனி நமது தென்காசி, குற்றாலப் பகுதியை எண்ணிப் பாருங்கள். கீழ்த்திசையில் காலை வெயில் கண்கூச வரும். மேற்கிலோ மலைத்தொடர் கதிரவனை முன்னதாகவே மறைத்துவிடும். சாரல் பருவத்தில் வானம் நாள் முழுதும் மூடியிருக்கும். எனவே கிழக்குச் சாளரத்திற்கு அடர்ந்த நிறங்கள் பொருந்தும். மேற்கே அதே நிறங்களை வைத்தால், மாலைத் திருப்பலியில் ஆலயம் இருண்டுவிடும். அங்கு வெளிர் நிறங்களே தகும். ஊரைப் பாராமல் வரைந்த படம் இவற்றை அறியாது.

காற்றையும் மறத்தலாகாது. சாளரம் முழுவதையும் அடைத்துவிட்டால் வெக்கையில் முதியோரும் குழந்தைகளும் வாடுவர். மேற்பகுதியில் வண்ணக் கண்ணாடியும், கீழே திறந்து மூடும் கதவுகளும் அமைப்பது நலம்.

ஏழைகள் நிறைந்த பங்கிற்கு இச்செலவு தகுமா என்று சிலர் கேட்பர், நியாயமான கேள்விதான். வெறும் ஆடம்பரத்தைவிட மேன்மையான அழகையே நாடுமாறு 1963-இல் வத்திக்கான் பொதுச்சங்கம் திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டில் அறிவுறுத்தியது. பிரான்சில் வான்ஸ் என்னும் ஊரின் சிற்றாலயத்திற்கு ஓவியர் மத்தீஸ் வரைந்த சாளரங்களில் மஞ்சள், பச்சை, நீலம் என மூன்றே நிறங்கள். 1951-இல் அர்ச்சிக்கப்பட்ட அச்சிற்றாலயத்தின் வெண்சுவரில் அந்நிறங்கள் படிவதும் ஓர் அலங்காரம். பத்துச் சாளரங்களைப் படத்தாளால் நிரப்புவதைவிட, பீடத்தருகே ஒரே சாளரத்தை நன்கு அமைத்தால் போதும்.

அன்புள்ள குடும்பத்தாரே, உங்கள் ஊரில் ஆலயப்பணி தொடங்குமாயின், சுவர் எழும்புமுன்பே ஓவியரை அழையுங்கள். காலையும் மாலையும், வெயிலிலும் சாரலிலும் அவர் அவ்விடத்தில் நின்று பார்க்கட்டும். நாம் சொல்லும் மறையுரை அரைமணியில் முடிந்துவிடும். ஒளி சொல்லும் மறையுரையை நம் பேரப்பிள்ளைகளும் கேட்பர்.