வெயிலைத் தாங்க உள்ளிருந்து ஒரு துணை

எண்ணெய் காய்ந்ததும் நறுக்கிய தக்காளியைப் போட்டு நன்றாக வதக்கிப் பாருங்கள். மிளகாய்த்தூள் சேர்ப்பதற்கு முன்பே, ஓரத்தில் பிரிந்து வரும் எண்ணெயில் செம்மஞ்சள் நிறம் ஏறியிருக்கும். தக்காளிக்குச் சிவப்பைக் கொடுக்கும் லைகோபீன்தான் அப்படி எண்ணெயில் இறங்குகிறது. நாம் சாப்பிட்ட பிறகு இந்த நிறமி ரத்தத்தில் கலந்து, தோலிலும் போய்த் தங்குகிறது.

வெயில் செய்யும் வேலை

புற ஊதாக் கதிர்களில் 'பி' வகை தோலின் மேலடுக்கைச் சுட்டுச் சிவக்க வைக்கும். உயிரணுக்களின் டிஎன்ஏவையும் சிதைக்கும். 'ஏ' வகை இன்னும் ஆழமாக இறங்கி, தோலுக்கு உறுதி தரும் கொலாஜனைக் கெடுக்கும். இளம் வயதிலேயே சுருக்கம் விழுவது இதனால்தான். நம் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு எளிதில் தெரியாது. அதற்காகப் பாதிப்பே இல்லை என்று இருந்துவிடக் கூடாது.

தக்காளி விழுதும் பத்து வாரமும்

ஜெர்மனியின் டூசல்டார்ஃப் ஆய்வாளர்கள் 2001-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தினமும் 40 கிராம் தக்காளி விழுதை 10 கிராம் ஆலிவ் எண்ணெயோடு சிலருக்குக் கொடுத்து, அவ்வப்போது அவர்கள் தோலில் செயற்கைச் சூரிய ஒளியைப் பாய்ச்சினார்கள். நான்காம் வாரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. பத்தாம் வாரத்தில், விழுது சாப்பிடாதவர்களைவிட இவர்களுக்குத் தோல் சிவப்பது 40 சதவீதம் குறைந்திருந்தது. கலந்துகொண்டவர்கள் மிகச் சிலர் என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனால் லைகோபீனின் வேலை தெரிந்ததுதான்: கதிர் பட்டதும் தோலில் உருவாகும் தீவிர ஆக்சிஜனை அது தணிக்கிறது. சமைக்காத தக்காளித் துண்டைவிட, எண்ணெயில் வெந்த தொக்கிலிருந்தே உடல் அதை அதிகம் எடுத்துக்கொள்கிறது.

கோஸ் நறுக்கும்போது

முட்டைகோஸ், காலிஃபிளவர், பிராக்கோலி ஆகியவற்றின் கதை வேறு. நறுக்கும்போது ஒரு நொதி வெளிப்பட்டு, சல்ஃபோராஃபேன் போன்ற கந்தகச் சேர்மங்களை உண்டாக்குகிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் டலாலேயின் குழு, பிராக்கோலி முளைச் சாற்றை ஆறு பேரின் தோலில் பூசிப் பார்த்தது. புற ஊதாக் கதிர் பட்டபோது அந்த இடத்தில் சிவப்பு சராசரியாகச் சுமார் 38 சதவீதம் குறைந்ததாக 2007-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அந்தச் சாறு கதிரைத் தடுக்கவில்லை. தோலின் சொந்தப் பாதுகாப்பு நொதிகளைத் தட்டி எழுப்பியது. அது பூசிய சாறு, சாப்பிட்டது அல்ல. இருந்தாலும் கோஸை நறுக்கிய கையோடு அடுப்பில் ஏற்றாமல் சற்று நேரம் வைத்திருங்கள். சூடு பட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும்.

மாத்திரை வேண்டாம்

காரட்டிலும் பரங்கிக்காயிலும் உள்ள, லைகோபீனைப் போன்ற நிறமியான பீட்டா கரோட்டினை மாத்திரையாக விழுங்கலாமே என்று தோன்றும். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குத் தினமும் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது, நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியதை 1994-ல் கண்டார்கள். காயாகச் சாப்பிடுவதே பாதுகாப்பு.

எலுமிச்சையை முகத்தில் தேய்க்காதீர்கள்

தாவரத்தில் இருப்பதெல்லாம் தோலைக் காக்கும் என்பதில்லை. கருமை போக எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெளியே போகிறவர்கள் இன்றும் உண்டு. அதன் ஃபியூரோகூமரின்கள் வெயிலோடு சேர்ந்தால் கொப்புளம் கிளம்பும். ஆறிய பிறகும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். வெண்புள்ளிக்குக் கார்போகரிசி பயன்பட்டு வந்ததும் இந்த வகைச் சேர்மம் அதில் இருப்பதால்தான். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தொடக் கூடாத பொருள் அது.

காய்கறி தரும் காப்பு சிறியது, மெதுவாக வருவது. காலை பத்து முதல் மாலை நான்கு வரை வெளியே போக வேண்டியிருந்தால் குடையை மறக்காதீர்கள். வெயிலில் நின்று வேலை செய்கிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், தொப்பியும் முழுக்கைச் சட்டையும் இன்றே வாங்கிக் கொடுங்கள்.