எது கீழாநெல்லி?

காலை நிகழ்ச்சியில் அன்று பாட்டி வைத்தியம்தான் தலைப்பு. ஓர் அம்மா அழைத்தார். "ஏம்மா, கடையில வாங்குன கீழாநெல்லிப் பொட்டலத்துல தண்டெல்லாம் சிவப்பா இருக்கு. வீட்டுக்குப் பின்னால முளைக்கறது பச்சையா இருக்கு. ரெண்டும் ஒண்ணுதானா?" விசாரித்துச் சொல்கிறேன் என்று சமாளித்துப் பாட்டைப் போட்டுவிட்டேன்.

கேள்வி என்னை விடவில்லை. மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கும் வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று.

தேடிப் பார்த்தால், பெயர் ஒன்று, செடிகள் பல. மருந்துக்கு உரியதாகச் சொல்லப்படுவது ஃபைலாந்தஸ் அமாரஸ். அதன் நெருங்கிய உறவான யூரினேரியாவுக்குத் தண்டில் சிவப்பு ஓடும், காய் சொரசொரப்பாக இருக்கும். பச்சைச் செடியாக இருந்தால் தாவரவியல் தெரிந்தவர் காயைப் பார்த்தே சொல்லிவிடுவார். காய்ந்து நொறுங்கிய பிறகு?

அங்கேதான் டிஎன்ஏ பார்கோடிங் வருகிறது. மரபணுவின் ஒரு சிறு துண்டைப் படித்து இனத்தை அடையாளம் காணும் இந்த முறையை 2003இல் முன்வைத்தவர் கனடாவின் பால் ஹெபர்ட். விலங்குகளுக்கு அவர் எடுத்த துண்டு செடிகளுக்கு உதவவில்லை. செடிகளில் அது இனத்துக்கு இனம் அதிகம் மாறுவதில்லை. 2009இல் செடிகளுக்கென வேறு இரண்டு துண்டுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவையும் நெருங்கிய சொந்தங்களிடம் தடுமாறும். அப்போது இன்னும் வேகமாக மாறும் துண்டு ஒன்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

தென்னிந்தியாவில் 25 கடைகளில் வாங்கிய கீழாநெல்லியை இப்படிச் சோதித்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. 76 விழுக்காட்டுக் கடைகளில் இருந்தது ஏறக்குறைய முழுவதும் அமாரஸ். மற்றக் கடைகளில் வேறு ஐந்து இனங்கள்! கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வயல் வரப்பில் பறிக்கிறவருக்கு அத்தனையும் கீழாநெல்லிதானே.

ஆனால் நோயாளிக்கு அப்படியில்லை. 1988இல் சென்னையில் ஹெப்பாடைட்டிஸ் பி கிருமி உள்ளவர்களுக்கு அமாரஸ் கொடுத்தபோது, 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் இரத்தத்தில் மறைந்ததாக லான்செட் இதழில் வந்தது. பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. எல்லாரும் கொடுத்தது ஒரே செடிதானா என்ற கேள்வியும் அப்போது எழுந்தது.

பார்கோடு செடியின் பெயரைத்தான் சொல்லும். நோயைத் தீர்க்குமா என்று சொல்லாது. கொதிக்கவைத்துச் சாறெடுத்த மாத்திரையில் டிஎன்ஏ சிதைந்தும் போயிருக்கலாம்.

மறுவாரம் அந்த அம்மாவை அழைத்தேன். சிவப்பு என்றால் யூரினேரியாவாக இருக்கலாம், பொட்டலத்தை வைத்து உறுதியாகச் சொல்ல ஆய்வுக்கூடம்தான் வேண்டும் என்றேன். கண் மஞ்சளானால் முதலில் கிளினிக்கில் இரத்தம் சோதிக்கச் சொன்னேன்.

"மகனுக்கு நேத்தே எடுத்தாச்சும்மா. நாளைக்கு ரிசல்ட்."