தடைக்காலம் முடிந்ததும் பீஸ்

பாம்பன் பக்கத்தில் வக்கீல் பீஸ் கடலைப் பார்த்துத்தான் வசூலாகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் வாய்தாவுக்கு வருகிற கட்சிக்காரர், "தடைக்காலம் முடியட்டும் சார், மொதப் பாட்டுலயே குடுத்துர்றேன்" என்பார். சாரும் தலையாட்டுவார். கோர்ட் பீஸ், டைப்பிங், ஜெராக்ஸ், குமாஸ்தா படி, அறை வாடகை எல்லாம் அதுவரை அவர் கைக்காசு. பணம் போட்டு, கடன் சொல்லி, வசூலுக்கு அலைகிற வேலைக்கு ஊரில் வியாபாரம் என்று பெயர்.

சட்டம் மட்டும் அப்படிச் சொல்லாது. பார் கவுன்சில் விதிப்படி வக்கீல் விளம்பரம் செய்யக்கூடாது. வாசலில் மாட்டும் போர்டுகூட அளவாக இருக்க வேண்டும். ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பேசக்கூடாது. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம், வக்கீலின் பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்பளித்தது. அடுத்து ஜூலையில், இணையதளங்கள் வழியாகக் கட்சிக்காரர் பிடிக்கும் வக்கீல்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வருமான வரிச் சட்டம்தான் கொஞ்சம் தாராளம்: வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும். தனியாக ஆபீஸ் நடத்துகிறவருக்குப் பாதி நிற்குமா என்று கேட்டால் சிரிப்பார்கள்.

அந்தக் காலத்தில் இந்தத் தொழிலுக்கு முதலீடு தூரம்தான். 1914-இல் பாம்பன் தீவுக்கு ரயில் பாலம் வந்தது. சாலைப் பாலம் திறக்க 1988 ஆயிற்று. அதுவரை தீவிலிருந்து ராமநாதபுரம் கோர்ட்டுக்குப் போக ரயிலை விட்டால் வேறு தரைவழி இல்லை. 40 கிலோமீட்டருக்கு மேல் பயணம். ரயில் தாமதமானால் கூப்பிட்ட நேரத்தில் ஆள் இல்லை, வழக்கு தள்ளுபடி. மேல்முறையீடு என்றால் இன்னும் மோசம். ராமநாதபுரம் மாவட்டத்துக்கான ஜில்லா கோர்ட்டே வெகுகாலம் மதுரையில்தான் இருந்தது. ஹைகோர்ட் சென்னையில். சமஸ்தானத்து வழக்குக்கு இந்தத் தூரமெல்லாம் பொருட்டில்லை. ராமநாதபுரம் ராணியின் தத்து வழக்கு 1868-இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதிவைத்த சாஸ்திரத்தையும் மிஞ்சும் என்ற தீர்ப்போடு முடிந்தது. சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். தோப்பு எல்லைக்கும் புரோநோட்டுக் கடனுக்கும் வழக்காடிய தீவுக்காரருக்கு முன்சீப் கோர்ட்டே லண்டன் மாதிரிதான்.

அதனால் வக்கீலுக்கு மரியாதை இருந்தது. கட்டு எந்த அலமாரியில் இருக்கிறது, அடுத்த வாய்தா என்றைக்கு, நகல் மனு எங்கே போட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கும் அவர் குமாஸ்தாவுக்கும்தான் தெரியும். உப்புக் காற்றில் துருவேறிய டைப்ரைட்டர், கார்பன் தாள், பைண்டு செய்த தீர்ப்புத் தொகுப்புகள், ஒரு டைரி. ஆபீஸ் என்றால் அவ்வளவுதான்.

இப்போது அந்தத் தூரம் இல்லை. 2004 ஜூலை 24-இல் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை திறந்தது. ராமேஸ்வரத்திலேயே குற்றவியல் நடுவர் நீதிமன்றம் இருக்கிறது. வழக்குக்கு 16 இலக்க எண் ஒன்று உண்டு. செல்போனில் தட்டினால் தேதி வந்துவிடும். "சார், நம்ம கேஸ் 14-ஆம் தேதிக்குப் போயிருக்காமே" என்று கட்சிக்காரரே வக்கீலுக்குச் சொல்கிறார். தேதி சொல்வதற்கென்று முன்பு வாங்கிய காசை இனி வாங்க முடியாது. 2024 ஜூலை 1-இல் புதிய குற்றவியல் சட்டம் வந்து இன்னொரு அடி விழுந்தது. வாழ்நாள் முழுக்க நாக்கில் உட்கார்ந்திருந்த 420 ஒரே நாளில் 318 ஆயிற்று, 302 என்பது 103. பழைய குற்றங்களுக்குப் பழைய சட்டம், புதியவற்றுக்குப் புதியது என்று மேசையில் இரண்டு புத்தகமும் கிடக்கின்றன. பெரிய ஆபீஸில் இதைத் தேடித் தர ஜூனியர் உண்டு. இங்கே ராத்திரி அவரேதான் புரட்ட வேண்டும்.

ஆனால் ஒரு தூரம் மட்டும் கூடியிருக்கிறது. 1974-லும் 1976-லும் இலங்கையுடன் போட்ட ஒப்பந்தங்களில் கடலில் எல்லைக்கோடு வந்தது. இன்று எல்லை தாண்டியதாக ஒரு படகைப் பிடித்து மன்னாருக்கோ ஊர்காவற்துறைக்கோ கொண்டுபோனால், கரையில் நிற்கும் பெண்கள் முதலில் ஓடிவருவது உள்ளூர் வக்கீலிடம்தான். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பாம்பனிலிருந்து ராமநாதபுரம் கோர்ட் அதைவிடத் தூரம். இருந்தும் அங்கே இவர் கோட்டு செல்லாது. யாழ்ப்பாணத்து இந்தியத் துணைத் தூதரகம் அந்த ஊர் வக்கீலை ஏற்பாடு செய்யும். இவர் செய்ய முடிந்தது காகித வேலை: படகின் பதிவுச் சான்றைத் தேடி எடுப்பது, உரிமையாளருக்குப் பிரமாண வாக்குமூலம் எழுதி நோட்டரியிடம் அனுப்புவது, பாஸ்போர்ட் எடுக்கச் சொல்வது. 2018-இல் இலங்கை அபராதத்தைக் கடுமையாக உயர்த்தி, சட்டத்தை இறுக்கியது. உரிமையாளர் நேரில் ஆஜராகிப் படகு என்னுடையது என்று நிரூபிக்க வேண்டும். ஒருகாலத்தில் ஆளும் படகும் சேர்ந்து திரும்பின. இப்போது ஆள் வந்தாலும் படகு பெரும்பாலும் அங்கேயே நின்று மட்கிப் போகிறது.

அதன் பிறகுதான் வழக்கு இந்தக் கரைக்கு வருகிறது. படகு கட்ட, எஞ்சின் மாற்ற மீன் வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக, கையெழுத்து மட்டும் போட்ட செக் கொடுத்திருப்பார்கள். புரோநோட்டுக் காலத்தில் அது சிவில் வழக்கு. வருஷக்கணக்கில் நடக்கும், மூச்சுவிட நேரம் இருக்கும். 1989-இல், செக் திரும்பி நோட்டீஸுக்குப் பிறகும் பணம் கட்டாவிட்டால் குற்றம் என்றாகிவிட்டது. படகைப் பறிகொடுத்தவர் ஆறு மாதத்தில் இங்கே எதிரியாகக் கூண்டில் நிற்கிறார். அங்கே வாதாட முடியாத வக்கீல் இங்கே அவருக்காக வாதாடுகிறார். அல்லது வியாபாரி முந்திக்கொண்டு வக்காலத்துக் கொடுத்துவிட்டால், எதிர்த் தரப்பில். சின்ன ஊரில் ஒற்றை ஆபீஸ் நடத்துவதில் எனக்குக் கஷ்டமாகத் தோன்றுவது இதுதான். காலையில் கண்ணைத் துடைத்துவிட்டு அனுப்பிய வீட்டை மாலையில் குறுக்கு விசாரணை செய்ய நேரலாம்.

ஜூனியர் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். 2024 ஜூனில் உயர் நீதிமன்றம், ஜூனியருக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது கொடுக்கச் சொன்னது. நியாயமான தொகைதான், வெறுங்கையோடு வருஷக்கணக்கில் சீனியர் பின்னால் கட்டுத் தூக்கிய தலைமுறைக்கு அதன் அருமை தெரியும். ஆனால் தடைக்காலத்தில் அந்த 15,000-ஐ யார் தருவது? அதனால் சட்டம் படித்த பிள்ளைகள் மதுரைக்குப் போகிறார்கள். ராமேஸ்வரத்திலும் ராமநாதபுரத்திலும் ஒரே நாளில் வாய்தா விழுந்தால், இவர் ஒன்றுக்குப் போய்விட்டு, மற்றொன்றில் நண்பரைவிட்டு வாய்தா கேட்கச் சொல்கிறார்.