கடத்தைக் கையில் எடுத்த சுகன்யா... பெண்கள் மட்டுமே வாசிக்கும் மேடை உருவான கதை!

விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் வாங்குபவர்களைக் கவனித்துப் பாருங்கள். கோப்பையோ ஜாடியோ, கையில் எடுத்ததும் விரலால் ஒரு சுண்டு சுண்டுவார்கள். 'டிங்' என்று கணீர் சத்தம் வந்தால் நல்ல சரக்கு. 'டொக்' என்றால் எங்கேயோ கீறல் இருக்கிறது என்று அர்த்தம். பொம்மை, ஜாடி, ஃபியூஸ் கட்டை என்று களிமண்ணையே பிழைப்பாக்கிக்கொண்ட ஊர் அது. சுட்ட மண்ணுக்குள் சத்தம் இருக்கிறது என்பதை அந்த ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தச் சத்தத்தை நம்பித் தன் வாழ்க்கையையே மண்பானையின் பின்னால் கொண்டுபோன ஒரு பெண் இருக்கிறார். பெயர், சுகன்யா ராம்கோபால். மயிலாடுதுறையில் பிறந்தவர். கச்சேரி மேடையில் கடம் வாசித்த முதல் பெண் என்று இசை உலகம் அவரைச் சொல்கிறது. 1995-ம் ஆண்டு அவர் தொடங்கிய 'ஸ்த்ரீ தால் தரங்' குழுவில் வாசிப்பவர்கள் எல்லோரும் பெண்கள். நடுவில் உட்காருவது பாடகரோ வயலினோ அல்ல, கடம்!

'பெண்கள் குழுதானே, மகளிர் தினத்துக்கு ஒரு ஸ்பெஷல் புரோகிராம் மாதிரி இருக்கும்' என்று நினைத்தால், கொஞ்சம் பொறுங்கள். அந்தக் குழு எதற்காக உருவானது என்று தெரிந்துகொள்ள, சென்னையில் ஒரு வயலின் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

வயலின் கற்கப் போன இடத்தில்...

டி.ஹெச்.விக்கு விநாயகராமின் தந்தை ஹரிஹர சர்மா சென்னையில் நடத்திவந்தது 'ஸ்ரீ ஜெயகணேஷ் தாளவாத்ய வித்யாலயா'. சின்ன வயதில் சுகன்யா அங்கே போனது வயலின் கற்க. சொல்லிக்கொடுத்தவர் விக்குவின் சகோதரர் குருமூர்த்தி. ஆனால், கை வில்லைப் பிடித்திருந்தாலும் காது பக்கத்து வகுப்பின் மிருதங்கத்திலேயே இருந்தது. அப்புறம் ஹரிஹர சர்மாவிடம் மிருதங்கம் கற்க ஆரம்பித்தார். அங்கிருந்து ஆசை கடத்துக்குத் தாவியது.

அங்கேதான் முதல் முட்டுக்கட்டை. கடம் பெண்களுக்குக் கஷ்டம், விரல் தாங்காது என்று விக்கு விநாயகராமே தயங்கினார். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பிற்காலத்தில் அவர் பாணியை அக்கறையாகப் பாதுகாத்து, 'சுநாதம்' என்று புத்தகமாகவே எழுதிவைத்தவர் இந்தச் சிஷ்யைதான். ஆனால் அன்றைக்கு அவருக்காகப் பேசியவர் பெரியவர் ஹரிஹர சர்மா. "இந்தப் பெண்ணை நான் வாசிக்க வைக்கிறேன்" என்கிற மாதிரி, அதையே சவாலாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மணிக்கணக்கில் சாதகம். விரல் பழகியது. மேடையும் ஏறினார்.

விக்குவின் தயக்கத்தில் பாதி உண்மை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மிருதங்கத்தில் தோல் இருக்கிறது, அடிக்கு அது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். கடத்தில் எதுவும் விட்டுக்கொடுக்காது. அடிப்பது சுட்ட மண்ணை. உள்ளங்கை, மணிக்கட்டு, பத்து விரல், நகம் எல்லாம் வேலை செய்ய வேண்டும். பானையின் வாயை வயிற்றோடு சேர்த்து அணைத்து, அழுத்தியும் விலக்கியும் அந்த 'கும்' என்ற அடிநாதத்தை வரவழைக்க வேண்டும். விரல் தாங்காது என்பது புதிதாகப் பழகும் எல்லோருக்கும் பொருந்தும். அதைப் பெண்ணுக்கு மட்டும் சொன்னதுதான் பிரச்னை.

மண்ணைத் தட்டும் கை யாருடையது?

இந்த இடத்தில் மானாமதுரைக்கு ஒரு நடை போய்வரலாம். கடம் என்றால் வாசிப்பவர்களின் மனதில் முதலில் வரும் ஊர் அதுதான். சென்னை, பெங்களூரிலும் கடம் செய்கிறார்கள். ஆனால் மானாமதுரைக் கடம் கனமானது, சுவர் தடித்தது. சுமார் 8 கிலோ எடை வரும். விரலுக்குச் சிரமம், காதுக்குச் சுகம். 2023-ல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அந்த ஊரில் பேர்பெற்ற கடம் தயாரிப்பாளர் மீனாட்சி கேசவன். ஒரு பெண்! சங்கீத நாடக அகாடமியின் விருதை ஜனாதிபதி கையால் வாங்கியவர். சக்கரத்தில் பானை உருவானதும் வேலை முடிந்துவிடாது. உள்ளே ஒரு கல்லை அண்டக்கொடுத்து, வெளியே மரத்தட்டையால் தட்டித் தட்டி, சுவர் எல்லாப் பக்கமும் ஒரே கனமாக வரும்வரை விட மாட்டார்கள். ஒரு கடத்துக்கு ஆயிரக்கணக்கான தட்டு. எங்கேயாவது கனம் மாறினால் நாதம் பிசகிவிடும். சூளையில் வெந்து வெளியே வந்த பிறகுதான் அது எந்தச் சுருதியில் பேசுகிறது என்றே தெரியும். மிருதங்கம் மாதிரி கல்லால் தட்டிச் சுருதி கூட்ட வழியில்லை. கொஞ்சம் பிளாஸ்டிசின் ஒட்டி லேசாகச் சரிசெய்யலாம், அவ்வளவுதான். அதனால்தான் கடம் வாசிப்பவர்கள் ஒரு சுருதிக்கு ஒரு பானை என்று வீடு முழுக்கப் பானையாக வைத்திருக்கிறார்கள். ரயிலில் ஒன்று உடைந்தால் அந்தச் சுருதியே போச்சு!

மண்ணை ஆயிரக்கணக்கான முறை தட்டி நாதம் ஏற்றுவது ஒரு பெண்ணின் கை. ஆனால் அதே பானையை மேடையில் ஒரு பெண் தட்டினால் ஆகாது என்று நூறு காரணம் சொன்னார்கள். இதை யோசித்தால் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது.

"அவர் வாசித்தால் நான் வாசிக்க மாட்டேன்"

கர்னாடக இசைக் கச்சேரியில் கடம் உப பக்கவாத்தியம். மிருதங்கம்தான் தாளத்துக்குத் தலைமை. கடம் வாசிப்பவருக்கு மேடை கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் மிருதங்க வித்வானின் சம்மதத்தைப் பொறுத்தது. அது எங்கேயும் எழுதி ஒட்டாத சட்டம்.

பெண் கடம் வாசிக்கிறார் என்று கேட்டதும் அந்தச் சம்மதம் வராமல் போன கச்சேரிகள் உண்டு. பெண்ணோடு உட்கார்ந்து வாசிக்க முடியாது என்று வித்வான்கள் மறுத்ததைச் சுகன்யா தன் பேட்டிகளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். நன்றாக வாசிக்கவில்லை என்று சொன்னால் மேலும் பழகலாம். பெண் என்பதற்கு என்ன பழகுவது?

இதெல்லாம் கடத்துக்கு மட்டும் நடந்தது என்று நினைக்க வேண்டாம். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் மிருதங்கம் கற்று மேடையேறிய திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள், அதற்கும் ஒரு தலைமுறை முன்னால் இருந்தவர். வாசித்துக் காட்டிய பெண்கள் எப்போதுமே இருந்திருக்கிறார்கள். ஆனால் அவர்களைப் பார்த்த பிறகும் பாதை அகலமாகவில்லை. ஒவ்வொரு பெண்ணும் முதல் பெண்ணாகவே நிற்க வேண்டியிருந்தது.

பெங்களூருக்குக் குடிபோன சுகன்யா, யார் சம்மதிப்பார் என்று காத்திருப்பதை விட்டுவிட்டு ஒரு வேலை செய்தார். வீணை, வயலின், மிருதங்கம், மோர்சிங் என்று நன்றாக வாசிக்கக்கூடிய பெண்களை ஒன்றுசேர்த்தார். அதுதான் 'ஸ்த்ரீ தால் தரங்'. மோர்சிங் வாசிக்கும் பாக்யலட்சுமி எம்.கிருஷ்ணா மாதிரியான கலைஞர்கள் அவரோடு மேடையேறினார்கள். மோர்சிங்கும் அதுவரை ஆண்களின் உதட்டிலேயே இருந்த வாத்தியம்தான்.

குழுவின் சிறப்பு, 'கட தரங்கம்'. வெவ்வேறு சுருதியில் பேசும் ஆறேழு கடங்களைச் சுற்றிவைத்து, தாளத்தோடு ராகத்தையும் அதிலேயே வாசிப்பது. ஒரு பானைக்கு ஒரு ஸ்வரம். வீணையில் கம்பியை இழுத்துக் கமகம் கொடுக்கிற மாதிரி பானையை இழுக்க முடியாது. ஆக, இருக்கிற ஆறேழு ஸ்வரத்துக்குள்ளேயே ராகத்தின் முகத்தைக் காட்டியாக வேண்டும். பின்வரிசையில் உட்கார்ந்த உப பக்கவாத்தியம் பாட்டே பாட ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

பெயரிலேயே 'பாய்ஸ்'

பெண்கள் தனியாகக் குழு கட்டுவது நம்ம ஊர் சமாசாரம் மட்டுமா? அமெரிக்காவின் 'ப்ளூகிராஸ்' நாட்டுப்புற இசையை எடுத்துக்கொள்ளுங்கள். அயர்லாந்து, ஸ்காட்லாந்திலிருந்து மலைப்பக்கம் குடியேறியவர்களின் ஃபிடிலும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் பாஞ்சோவும் கலந்து வளர்ந்த இசை. அதற்குப் பெயர் வந்ததே கென்டக்கிக்காரர் பில் மன்றோவின் குழுவிலிருந்துதான். குழுவின் பெயர் என்ன தெரியுமா? 'ப்ளூ கிராஸ் பாய்ஸ்'! 1940-களில் அந்தப் 'பாய்ஸ்' குழுவிலேயே சாலி ஆன் ஃபாரெஸ்டர் என்ற பெண் அக்கார்டியன் வாசித்தார். பெயர்ப் பலகை மட்டும் மாறவில்லை.

1985-ல் நியூயார்க்கில் புல்லாங்குழல் கலைஞர் ஜோனி மேடன் தலைமையில் ஐரிஷ் இசைக்கு 'செரிஷ் தி லேடீஸ்' என்ற பெண்கள் குழு வந்தது. ப்ளூகிராஸுக்கு 2009-ல் பாஸ்டனில் ஃபிடில் கலைஞர் கிம்பர் லுடிகர் 'டெல்லா மே' குழுவைத் தொடங்கினார். நம் 'ஸ்த்ரீ தால் தரங்' இவை இரண்டுக்கும் நடுவே, 1995-ல். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒருவரை ஒருவர் கேட்டு வைத்துக்கொண்ட மாதிரி நடந்திருக்கிறது.

நாட்டுப்புறம் என்று வந்தால் நம் பக்கம் இன்னும் கனமான கதைகள் உண்டு. வில்லுப்பாட்டில் வில்லின் நடுவே ஒரு குடம் இருக்குமே, அதுவும் மண்பானைத் தாளம்தான். கன்னியாகுமரிப் பக்கத்தில் வில்லுப்பாட்டுக்குத் தலைமை தாங்கிப் பாடிய பூங்கனி 2018-ல் மறைந்தபோதுதான் பல பேருக்கு அவர் பெயரே தெரிந்தது. திண்டுக்கல்லில் கன்னியாஸ்திரி சந்திரா தொடங்கிய 'சக்தி' கலைக்குழுவில் தலித் இளம்பெண்கள் பறை அடிக்கிறார்கள். அங்கே தடை இரண்டு மடங்கு. பெண் தொடக்கூடாத வாத்தியம் என்பது ஒன்று, சாதியால் இழிவாக்கப்பட்ட வாத்தியம் என்பது இன்னொன்று. அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் அந்தப் பெண்களைப் பற்றி 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்று ஆவணப்படமே எடுத்திருக்கிறார். சபா மேடையில் மறுக்கப்படுவதும் ஊர்த் தெருவில் மறுக்கப்படுவதும் ஒரே வலி என்று நான் சொல்ல மாட்டேன். பறையைத் தோளில் மாட்டிய பெண் கடந்துவந்த தூரம் வேறு.

விருதுக்குப் பிறகு

சுகன்யாவுக்கு 2014-ம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாடமி விருது கடத்துக்காகவே கிடைத்தது. கஷ்டம் என்று சொல்லப்பட்ட அதே வாத்தியம்!

ஆனால் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. பெண்கள் மட்டும் வாசிக்கும் குழு என்றால், சபாக்காரர்கள் மார்ச் 8-க்கும் நவராத்திரிக்கும் கூப்பிட்டுவிட்டு, மற்ற நாள்களில் மறந்துவிட வசதியாகிவிடாதா? ஆகிறதுதான். 'லேடீஸ் குரூப்' என்று ஒரு டப்பாவில் போட்டு மூடுவது சுலபம். சுகன்யா அந்த டப்பாவுக்குள் உட்கார்ந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குழுவை நடத்திக்கொண்டே, ஆண், பெண் கலைஞர்கள் எல்லோரோடும் பக்கவாத்தியமாக வாசித்தும் வந்திருக்கிறார். குழு அவருக்கு ஒதுங்க ஓர் இடம் அல்ல. மேடையே தெரியாத பெண்களுக்குப் பத்துப் பேர் முன்னால் வாசித்துப் பழக ஓர் இடம், அவ்வளவுதான்.

கேட்டுப் பார்க்க ஆசையா? யூடியூபில் தமிழிலேயே அவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஆனால் போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அதில் நகத்தின் 'கிண்கிண்' மட்டும்தான் கேட்கும். இயர்போனைப் போட்டுக்கொள்ளுங்கள். தனி ஆவர்த்தனம் சூடுபிடிக்கும்போது பானையின் வாய் வயிற்றை விட்டு விலகும் அந்த நொடியில், காதுக்கு அடியிலிருந்து 'கும்' என்று ஒன்று எழும்பும் பாருங்கள்... அதற்குத்தான் விரல் இத்தனை வருடம் வலித்திருக்கிறது.