தண்டுவடம் முடியும் இடம்

1956-ல் மாநில எல்லை பிரியும்வரை குமரி மாவட்டத்துக்கும் திருவனந்தபுரம்தான் தலைநகரம். அந்த உறவு மருத்துவத்தில் இன்றும் அறுபடவில்லை. 1951-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரிக்கும், 1980-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்துக்கும் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து நோயாளிகள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். நரம்புக் கோளாறு என்றாலே 'ஸ்ரீசித்ராவுக்குப் போங்க' என்பார்கள். ஆனால் முதுகில் ஊசி என்றதும் பலர் கலங்கிவிடுகிறார்கள். தண்டுவடம் எங்கே முடிகிறது என்று தெரிந்துகொண்டால் எதற்குப் பயப்பட வேண்டாம், எதற்கு உடனே ஓட வேண்டும் என்பது விளங்கும்.

மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் வளர்ந்தவர்களிடம் சுமார் 45 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். முதுகெலும்பு வால் எலும்புவரை நீண்டாலும் தண்டுவடம் அவ்வளவு தூரம் போவதில்லை. பெரும்பாலோருக்கு இடுப்புப் பகுதியின் முதல் இரண்டு முள்ளெலும்புகளை ஒட்டி, கூம்பாகக் குறுகி முடிந்துவிடும். அந்த நுனியிலிருந்து சுமார் 20 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய இழை ஒன்று வால் எலும்புவரை இறங்குகிறது. அதைச் சுற்றிலும் கால், சிறுநீர்ப்பை, மலக்குடல் ஆகியவற்றுக்கான நரம்பு வேர்கள் கற்றையாகத் தொங்குகின்றன. இந்தக் கற்றைக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் குதிரைவால்.

கருவின் மூன்றாம் மாதத்தில் தண்டுவடம் முதுகெலும்பின் முழு நீளத்தையும் நிரப்பியிருக்கும். பிறகு எலும்பு வேகமாக வளர, தண்டுவடத்தின் நுனி மேலே ஏறியதுபோல் ஆகிறது. பிறக்கும்போது மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பு அளவில் இருப்பது, சில மாதங்களில் பெரியவர்களின் நிலைக்கு வந்துவிடுகிறது.

ஊசி இறங்கும் இடம்

1891-ல் ஜெர்மானிய மருத்துவர் குவின்கே இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே ஊசி செலுத்தி மூளைத் தண்டுவட நீரை எடுத்துக் காட்டினார். 1898-ல் ஆகஸ்ட் பியர் அதே வழியில் மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் செலுத்தி அறுவை சிகிச்சை செய்தார். இன்று சிசேரியனுக்குப் போடும் ஊசியும் அந்த வழிதான். இரண்டு இடுப்பெலும்புகளின் உச்சியையும் இணைத்தால் கிடைக்கும் கோடு நான்காவது இடுப்பு முள்ளெலும்பை ஒட்டிப் போகும். அதை அடையாளமாக வைத்தே மருத்துவர் இடம் பார்க்கிறார். அங்கே தண்டுவடம் இல்லை. நீரில் மிதக்கும் நரம்பு வேர்கள்தான் இருக்கின்றன, அவை பெரும்பாலும் ஊசிக்கு விலகிக் கொடுக்கும். சிலருக்குச் சில நாள் தலைவலி வரலாம், ஊசி போட்ட இடம் வலிக்கலாம். ஆனால் வருஷக்கணக்கான முதுகுவலிக்கு அந்த ஊசிதான் காரணம் என்று ஆய்வுகள் நிறுவவில்லை.

உடனே ஓட வேண்டிய நேரம்

சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் நரம்பு மையம் அந்தக் கூம்பு நுனியில் இருக்கிறது. நெஞ்சுப் பகுதி முதுகெலும்பு முடிந்து இடுப்புப் பகுதி தொடங்கும் இடம் அது. உயரத்திலிருந்து விழுபவர்களுக்கு அதிகம் முறிவதும் அந்த இடம்தான். தென்னை ஏறிப் பிழைக்கும் ஊர்களில் இதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள், பைக்கில் ஏற்றாதீர்கள். முதுகு வளையாமல், பலகைபோல் நேராக வைத்துக் கொண்டுபோங்கள்.

முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வின் விலகல் பெரிதாகிக் குதிரைவாலை நசுக்கினாலும் ஆபத்துதான். உட்காரும் இடமும் தொடையின் உள்பக்கமும் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் கட்டிக்கொள்வது, அல்லது தெரியாமலே போவது, இரண்டு காலும் தளர்வது. இவற்றில் எது வந்தாலும் தைலம் தடவிக் காத்திருக்கக் கூடாது. அறுவை சிகிச்சை தேவை என்றால் 48 மணி நேரத்துக்குள் நடப்பது நல்லது. நாள் கடந்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போய்விடலாம்.

முதல் 28 நாள்

கருவில் தண்டுவடம் குழாயாக மூடிக்கொள்கிறது. அதன் கீழ்முனை மூடுவது கருத்தரித்து ஏறக்குறைய 28-ஆம் நாளில். மூடாமல் போனால் குழந்தை முதுகில் பிளவோடு பிறக்கும். ஃபோலிக் அமிலம் இதைப் பெருமளவு தடுக்கும் என்று 1991-ல் வெளியான பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு காட்டியது. வலிப்பு மருந்தான வால்புரோயேட் இந்தப் பிளவின் ஆபத்தைக் கூட்டுகிறது. வலிப்புள்ள தாய்மார்களின் கர்ப்பத்தைப் பின்தொடர 1998-ல் ஸ்ரீசித்ராவில் ஒரு பதிவேடு தொடங்கப்பட்டது. வால்புரோயேட் அளவு கூடக்கூடக் குழந்தைக்குப் பிறவிக் குறைகளின் ஆபத்தும் கூடுவதை அது பதிவு செய்திருக்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. வலிப்பு வந்தால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. கருத்தரிக்கும் முன்பே நரம்பியல் மருத்துவரிடம் பேசி, மருந்தையும் அளவையும் முடிவு செய்ய வேண்டும்.

நாள் தள்ளிப்போனது தெரிந்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த 28 நாள் பெரும்பாலும் கடந்திருக்கும். ஆகவே குழந்தைக்குத் திட்டமிடும் நாளிலிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் வேண்டும். வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கு எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்வார். விலை குறைந்த சின்ன மாத்திரை அது. கல்யாணப் பேச்சில் நகையும் நாளும் பேசும் வீடுகள் இதையும் பேசட்டும்.