வெந்த கை மடங்கிப் போகும் முன்

வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலை வெடித்தால் இறந்தவர் கணக்கு மறுநாளே பேப்பரில் வந்துவிடும். 2024 பிப்ரவரியில் 10 பேர். பிழைத்தவர்களின் கை என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. அவர்களும் புண் ஆறியதும் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆறுகிற தோல் சுருங்கும். அசைக்காமல் விட்டால் விரல்கள் மடங்கியபடியே இறுகிவிடும்.

‘வீட்டு வேலை பார்த்தால் தானாகச் சரியாகும்’ என்பது பெரிய தப்பு. குடம் தூக்கும்போது தோளும் நல்ல கையும் பாரத்தை வாங்கிக்கொள்ளும். பலமிழந்த விரல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வேலை வாங்க, ஒரு மூட்டை மட்டும் அசைக்கும் பயிற்சி வேண்டும். ஜிம்மில் ‘ஐசொலேஷன்’ என்பது இதைத்தான்.

முன்கையை மேசைமேல் கிடத்துங்கள். மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மட்டும் ஏற்றி இறக்குங்கள். பிறகு ஐந்து விரல்களையும் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு விரியுங்கள். வெந்த கைக்கு இறுக்கிப் பிடிப்பதைவிட விரிப்பதுதான் முக்கியம். புண் ஆறாமலோ, தோல் ஒட்டு வைத்த புதிதிலோ, டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன்: கேட்காமல் தொடங்காதீர்கள். இரண்டு கையும் சமமான பிறகு குடம் தூக்கலாம்.

இனி தாள்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவருக்கு, ஆலை இ.எஸ்.ஐ.யில் இருந்தால், விபத்து நடந்ததும் முதலாளி படிவம் 12-இல் அறிக்கை அனுப்ப வேண்டும். நகல் கேட்டு வாங்குங்கள். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்றால் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் நீங்களே எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும், இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று இல்லாமல் அது நகராது. கையில் ஊனம் தங்கிவிட்டால் மருத்துவக் குழுவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிசியோதெரபிஸ்ட் எந்த நாள் வருவார் என்று விசாரியுங்கள். 2021-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு; வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வர வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியைத் தொலைக்காதீர்கள். ஆலை ஆளிடம் அசலைக் கொடுக்காதீர்கள். செட்டில்மென்ட் என்று வெற்றுத்தாளை நீட்டினால் கைநாட்டு வைக்காதீர்கள்.