தூக்கம் தானாக வருவதில்லை; மூளை வரவழைக்கிறது

சளிக்குப் போட்ட மாத்திரை பட்டப்பகலில் கண்ணைச் சொருகவைக்கிறது. சாயங்காலம் குடித்த காபியோ நள்ளிரவு வரை புரளவைக்கிறது. இரண்டும் மூளையின் வேதியியலில் வெவ்வேறு இடங்களில் கைவைக்கின்றன. அந்த இடங்கள் புரிந்தால் தூக்கம் வரும் விதமும் புரிந்துவிடும்.

உழைத்துக் களைத்த மூளை ஓய்ந்துபோவதுதான் தூக்கம் என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். முதலாம் உலகப் போர்க் காலத்தில் பரவிய ஒரு மூளை அழற்சி நோய் அதை மாற்றியது. நோயாளிகளில் பலர் நாள்கணக்கில் தூங்கினார்கள். சிலருக்கு உறக்கமே வரவில்லை. இறந்தவர்களின் மூளைகளை வியன்னா மருத்துவர் கான்ஸ்டன்டின் வான் எகோனமோ ஆராய்ந்தார். தூங்கிக்கொண்டே இருந்தவர்களுக்கு, மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸின் பின்பகுதி சேதமடைந்திருந்தது. தூங்க முடியாமல் தவித்தவர்களுக்கு முன்பகுதி. விழிப்புக்கு ஓர் இடம், தூக்கத்துக்கு ஓர் இடம் என்பது தெளிவானது.

பின்பகுதியில் உள்ள ஒரு நரம்பணுக் கூட்டம் ஹிஸ்டமைன் என்ற பொருளைச் சுரந்து நம்மை விழிப்பாக வைத்திருக்கிறது. மூக்கொழுகலை நிறுத்துவதற்காக ஹிஸ்டமைனைத் தடுக்கும் குளோர்பெனிரமின் போன்ற பழைய மருந்துகள் ரத்தத்திலிருந்து மூளைக்குள்ளும் நுழைந்து அங்குள்ள ஹிஸ்டமைனின் வேலையையும் தடுத்துவிடுகின்றன. அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

முன்பகுதியில் உள்ள அணுக்கள் காபா, கேலனின் என்ற பொருட்களைச் சுரந்து விழிப்பு மையங்களை அடக்குகின்றன. விழிப்பு மையங்களும் பதிலுக்கு இவற்றை அடக்கப் பார்க்கும். ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கும் சீசா போன்ற ஏற்பாடு இது. இந்த ஆட்டம் நிலையாக நிற்க ஓரெக்சின் என்ற பொருள் உதவுகிறது. 1998இல் கண்டறியப்பட்ட இதைச் சுரக்கும் அணுக்கள் அழிந்துபோனால், பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிழும் நார்கோலெப்சி நோய் வரும்.

சரி, இரவானதும் எது இந்தச் சீசாவைத் தூக்கத்தின் பக்கம் சாய்க்கிறது? 1913 வாக்கில் பிரான்ஸின் ஆய்வாளர் ஆன்ரி பியெரோன், பல நாள் தூங்கவிடாமல் வைத்த நாய்களின் மூளைத் தண்டுவட நீரை எடுத்து, நன்றாகத் தூங்கி எழுந்த நாய்களுக்குச் செலுத்தினார். அவையும் உறங்கின. விழித்திருக்கும்போது மூளையில் ஏதோ ஒன்று சேர்கிறது என்பதற்கு இது சான்று. அப்படிச் சேரும் பொருட்களில் முக்கியமானது அடினோசின் என்று பிற்காலத்தில் தெரிந்தது. அணுக்கள் ஆற்றலுக்காக ஏடிபி என்ற மூலக்கூறைச் செலவழிக்கும்போது மிஞ்சுவது அது. விழித்திருக்கும் நேரம் கூடக்கூட அடினோசினும் கூடி, விழிப்பு அணுக்களை மந்தமாக்குகிறது. தூங்கியதும் குறைகிறது.

காபியிலும் தேநீரிலும் உள்ள கஃபீன், அடினோசின் ஒட்டவேண்டிய ஏற்பிகளில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு தீர்வதில்லை, தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். உடலிலுள்ள கஃபீன் பாதியாகக் குறையவே பொதுவாக 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்த காபியில் பாதி, இரவு 11 மணிக்கும் மிச்சமிருக்கும்.

அடினோசினோடு உடல் கடிகாரமும் சேர்ந்துகொள்கிறது. கண்ணில் படும் ஒளியைக் கொண்டு நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் அது, இருட்டியதும் பீனியல் சுரப்பியை மெலடோனின் சுரக்கச் செய்கிறது. 1958இல் ஆய்வாளர் ஆரன் லெர்னர் பிரித்தெடுத்த இந்த ஹார்மோன், இரவாகிவிட்டது என்று உடலுக்குச் சொல்கிறது. படுக்கும் நேரத்திலும் பளிச்சென்ற விளக்கொளியில் உட்கார்ந்திருந்தால் அந்தச் சேதி தாமதமாகும்.

தூக்கத்துக்கென்று போடப்படும் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள், மேலே சொன்ன பொருட்களில் காபாவின் செயலை மட்டும் கூட்டுகின்றன. தொடர்ந்து போட்டால் பழக்கமாகிவிடும். திடீரென நிறுத்தினாலும் ஆபத்து. எனவே மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். மாலைக் காபியைக் குறைப்பதும், இரவில் வெளிச்சத்தைத் தணிப்பதும், தினமும் ஒரே நேரத்தில் எழுவதும் மாத்திரைக்கு முன்பே செய்துபார்க்க வேண்டியவை. அப்படியும் வாரக்கணக்கில் தூக்கம் வராவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.